மாட்டிறைச்சியில் நாடாப்புழுக் கொப்புளம்: கத்தி வைப்பதிலிருந்து தீர்ப்பு எழுதுவது வரை

முத்திரை குத்தி முடித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். கறி பிரித்துக்கொண்டிருந்த பையன் "டாக்டர்!" என்று கூப்பிட்டான். முன்சப்பையில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டு, தசையை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பிடித்திருந்தான். சிவந்த நார்களுக்கு நடுவே பாதி வெந்த ஜவ்வரிசி போல ஒன்று. ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த மாட்டின் தலை, நாக்கு, இதயம் மூன்றையும் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னது நான்தான்.

எத்தியோப்பியாவில் கால்நடை மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இடம், ஒரு சிறு நகரத்து இறைச்சிக்கூடம். மாட்டு நாடாப்புழுவைப் பற்றிப் படிக்க அதைவிடப் பொருத்தமான நாடு கிடையாது. பச்சை மாட்டுக்கறியைத் துண்டு போட்டு மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிடும் 'தெரே சிகா', கொத்திய பச்சைக்கறியில் மசாலா நெய் பிசையும் 'கிட்ஃபோ' இரண்டும் அங்கே விருந்துச் சாப்பாடு. கூடவே, கொசோ என்ற மரத்தின் பூவைக் காயவைத்துப் பொடித்துக் குடித்து, வயிற்றுப் புழுவை வெளியேற்றும் வழக்கமும் தலைமுறை தலைமுறையாக உண்டு. புழுவுக்கும் கொசோ என்றே பேர், மருந்துக்கும் கொசோ என்றே பேர். நோயும் வைத்தியமும் ஒரே சொல்லில் குடியிருக்கும் ஊரில்தான் இந்த வேலையைக் கற்றேன்.

இறைச்சிப் பரிசோதனை பழகும் மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கறிக்கடை வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும்.

முதலில் புழுவின் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாட்டு நாடாப்புழுவின் அறிவியல் பெயர் டீனியா சாஜினேட்டா. வளர்ந்த புழு மனிதனின் சிறுகுடலில் மட்டுமே வாழும். நாயிலோ பூனையிலோ மாட்டின் குடலிலோ வாழாது. பெரும்பாலும் 5 மீட்டருக்குள் இருக்கும், சில சமயம் அதைவிடப் பல மடங்கு நீளும். உடம்பு 1,000 முதல் 2,000 கணுக்கள் கோத்த நாடா. முற்றிய கணுக்கள் நாளுக்கு ஆறு வரை கழன்று மலத்தோடு விழும். சில தாமாகவே ஊர்ந்து வெளியே வரும். உள்ளாடையில் வெள்ளையாக ஏதோ நெளிகிறது என்று பதறி மருத்துவரிடம் ஓடுகிறவர்கள் பார்ப்பது இதைத்தான். ஒரு கணுவில் ஒரு லட்சம் முட்டை வரை இருக்கும்.

வெட்டவெளியில் மலம் கழித்த இடத்தில், கழிவுநீர் பாய்ச்சிய புல்லில், அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாடு மேயும். முட்டை குடலில் பொரிந்து, கரு குடல்சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு போய்த் தசையில் தங்கும். ஏறத்தாழ 10 வாரத்தில் அது நான் மேலே சொன்ன ஜவ்வரிசி, அதாவது கொப்புளம், ஆகிவிடும். அதை வேகாமல் தின்றவர் குடலில், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முழுப் புழு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், கேட்காத மாணவர் இல்லை. மூளையில் கட்டி வந்து வலிப்பு உண்டாக்குவது இந்தப் புழு இல்லை. அது பன்றி நாடாப்புழுவான டீனியா சோலியம். அதன் முட்டை மனித வயிற்றுக்குள் போனால் மனிதத் தசையிலும் மூளையிலும் கொப்புளம் கட்டும். கறியே சாப்பிடாதவருக்கும் வரும், ஏனென்றால் வருவது முட்டையால், கறியால் இல்லை. மாட்டு நாடாப்புழுவின் முட்டை மனிதனுக்குள் அப்படிச் செய்வதில்லை. அதனால் மாட்டுக் கொப்புளம் ஆளைக் கொல்லும் விஷயமல்ல. ஆனால் வயிற்றில் ஐந்து மீட்டர்ப் புழுவோடு திரிய யாருக்கும் ஆசையில்லை. அந்த ஆள் வயல்வெளிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அடுத்த மாட்டுக்கு விதை விழுகிறது.

உயிரோடு இருக்கும்போது பார்த்தால் தெரியுமா?

தெரியாது. தசையில் நூறு கொப்புளம் இருக்கும் மாடும் நன்றாக மேயும், அசைபோடும், விலை போகும். சந்தையில் தரகர் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயது சொல்வார். கொப்புளத்தைச் சொல்ல அவராலும் முடியாது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள், அறுப்பதற்கு முன்னால் ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளுக்கு 96க்கு மேல் பார்க்கக் கூடாது என்கின்றன. மற்ற பல நோய்களுக்கு அந்த ஐந்து நிமிடம் உதவும். இதற்கு உதவாது. எல்லாம் அறுத்த பிறகுதான்.

ஆகவே அறுப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய உருப்படியான காரியம் எழுதிக்கொள்வது. காதுக் குறி எண், நிறம், கொம்பு, யார் கொண்டுவந்தார், எந்தச் சந்தை. தலைக்கும் உடலுக்கும் ஒரே எண்ணில் சீட்டுக் கட்டுங்கள். தலையில் கொப்புளம் கண்டுபிடித்துவிட்டு, தொங்கும் பதினைந்து உடலில் எது அதனுடையது என்று தேடி நிற்கும் அவமானத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கையில் என்ன வேண்டும்

இரண்டு கத்தி, ஒரு கொக்கி, ஒரு தீட்டுக்கோல், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வெந்நீர். ஐரோப்பிய விதி 82 டிகிரி செல்சியஸ் கேட்கிறது. ஒரு கத்தி வெந்நீரில், மற்றது கையில். மாட்டுக்கு மாடு மாற்ற வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் ஒரு மாட்டுத் தலையில் ஒட்டிய சால்மோனெல்லா என்ற கிருமியை அடுத்த இருபது தலைக்குள் நீங்களே விதைப்பீர்கள். வெட்டுவதே ஒரு அபாயம் என்பதை மறக்க வேண்டாம்.

வெளிச்சம் முக்கியம். பரிசோதனை மேடையில் 540 லக்ஸ் என்பது பொதுவான அளவு. அவ்வளவு இல்லாத இடத்தில் நெற்றி விளக்குக் கட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் குண்டு பல்பின் கீழ் கொழுப்பும் கொப்புளமும் ஒரே நிறம்.

வெட்டு வரிசை

புழுக்கரு ரத்தத்தோடு போகிறது, எனவே ஓயாமல் வேலை செய்யும் தசைகளில் அதிகம் தங்கும். அசைபோடும் தாடை, துடிக்கும் இதயம், புரளும் நாக்கு, மூச்சுவிடும் உதரவிதானம். பரிசோதனை இடங்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வந்தன. வியாபாரக் காரணமும் உண்டு: இவற்றை வெட்டினால் விலையுள்ள தொடைக்கறி கெடாது.

தலையிலிருந்து தொடங்குங்கள். தோலுரித்து, கழுவி, நாக்கை இறக்கிவிட்ட தலை. வெளித்தாடைத் தசையில் தாடை எலும்புக்கு இணையாக இரண்டு வெட்டு, இரண்டு பக்கமும். வெட்டு மேலோட்டமாகக் கீறியதாக இருக்கக் கூடாது. கத்தியைப் படுத்தாற்போல் பிடித்து, தசையைப் புத்தகம் திறப்பது போல ஏடு ஏடாகத் திறக்க வேண்டும். பிறகு உள்தாடைத் தசையில் ஒரு வெட்டு. புதியவர்கள் செய்யும் தவறு ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுப்பது. அப்படி வெட்டிய முகம் பிசிறடித்து, கொப்புளம் இருந்தாலும் நசுங்கி நீர் வடிந்துவிடும். ஒரே இழுப்பு. வெட்டியபின் இரண்டு நொடி கையை எடுங்கள். ரத்தம் வழிந்து முகம் தெளியட்டும். பிறகு பாருங்கள்.

நாக்கு. முதலில் கண், பிறகு விரல். அடியிலிருந்து நுனிவரை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அரிசி மணி போலத் தட்டுப்பட்டால் அங்கே அடிப்பக்கம் வெட்டலாம். எல்லா நாக்கையும் வெட்டினால் வியாபாரி சண்டைக்கு வருவார், அதில் நியாயமும் இருக்கிறது.

இதயம். எனக்குப் பிடித்த உறுப்பு, நிறையக் காட்டிக்கொடுப்பது. உறையைக் கிழித்து வெளிப்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். கொழுப்புக்கு ஓரத்தில் மேடாகத் தெரியும் புள்ளிகள் உண்டு. அடுத்து நீளவாக்கில் கீறி, கீழறைகளைத் திறந்து, நடுச்சுவரையும் வெட்டுங்கள். நடுச்சுவரை விட்டுவிடுகிற பரிசோதகர்கள் ஏராளம். திறந்த இதயத்தை உள்ளே வெளியே புரட்டி, தசைச் சுவரை வெளிச்சத்துக்கு எதிரே வளைத்துப் பிடித்தால், வளைவின் மேட்டில் கொப்புளம் பிதுங்கி நிற்கும். இதயத்தில் தங்கிய கொப்புளங்கள் மற்ற இடங்களில் உள்ளவற்றைவிடச் சீக்கிரம் செத்துச் சுண்ணாம்பு ஏறும். அதனால் இங்கே ஜவ்வரிசியை மட்டும் தேடாதீர்கள். மஞ்சளாக, பாலாடைக்கட்டி போல, அல்லது கத்தியில் நறநறவென்று மணல் படுவது போல இருப்பதும் அதுதான்.

உதரவிதானத்தையும் உணவுக்குழாயையும் பார்வையிட்டு, சந்தேகம் வந்தால் வெட்டுங்கள். விலா இடைத் தசைகளை ஒரு நோட்டம் விடுங்கள்.

கடைசியாக முன்சப்பை. முழங்கை எலும்புக்கு மேலே உள்ள தடித்த தசையில் ஆழமான வெட்டு. கிழக்கு ஆப்பிரிக்க நடைமுறையில் இது வழக்கம், ஐரோப்பாவில் வழக்கமில்லை. வெட்டிய சப்பையின் விலை இறங்குவதே காரணம். அன்று அந்தப் பையன் பிடித்து நின்றது இந்தத் தசையைத்தான். அந்தக் கூடத்தில் சப்பையை வெட்ட வேண்டாம் என்று வியாபாரிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நாங்களும் ஒத்துக்கொண்டிருந்தோம். என் கருத்தைக் கேட்டால், நோய் அதிகமுள்ள பகுதியில் சப்பை வெட்டை விட்டுக்கொடுக்கவே கூடாது.

கண்டது கொப்புளம்தானா?

சரியான கொப்புளம் நீள்வட்டம், பச்சைப் பயறு முதல் பட்டாணி வரை அளவு, மெல்லிய உறை, உள்ளே தெளிந்த நீர், ஒரு பக்கம் வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் உள்ளே சுருண்டிருக்கும் புழுத்தலை. ஊசி முனையால் தோண்டி எடுத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அழுத்தி நுண்ணோக்கியில் வையுங்கள். நான்கு உறிஞ்சிகள் தெரியும், கொக்கி இருக்காது. பன்றிப் புழுவானால் கொக்கிகள் வளையமாக நிற்கும்.

ஏமாற்றுபவை பல. வயதான மாட்டின் இதயத்தில் நரம்புறைக் கட்டி வரும், வெள்ளையாக உருண்டிருக்கும். ஊசி போட்ட இடத்துச் சீழ்க்கட்டி தடித்த உறையோடு இருக்கும். காசநோய் முடிச்சும் சுண்ணாம்பு ஏறும், ஆனால் அது பெரும்பாலும் நிணநீர் முடிச்சிலும் நுரையீரலிலும் இருக்கும். தசைக்குள் இருப்பது அபூர்வம். வெறும் கொழுப்புத் துணுக்கு விரலில் வழுக்கி நசுங்கும்.

நம்மூர் ஆட்டுக்கறிக் கடையில் குடல் சவ்வில் எலுமிச்சை அளவு நீர்ப்பை தொங்குவதைப் பார்த்துவிட்டு, இதுவா அது என்று கேட்பார்கள். அது நாயின் குடலில் வாழும் வேறொரு நாடாப்புழுவின் குட்டிப்பருவம்; தின்ற மனிதனுக்கு வராது, ஆனால் நாய்க்குத் தூக்கிப் போட்டால் நாய்க்கு வரும். ஈரலிலும் நுரையீரலிலும் கெட்டியான சுவரோடு இருக்கும் நீர்க்கட்டி வேறு. அதையும் நாய்க்குப் போடக் கூடாது. நாய் வழியாகத் திரும்பி வந்து மனித ஈரலில் கட்டி கட்டும். இரண்டையும் ஆழப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும்.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று. உப்புக் கரைசலில் மாட்டுப் பித்தநீரை 40 சதவீதம் கலந்து, உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில், கொப்புளத்தைப் போட்டு வையுங்கள். மனிதக் குடலுக்கு வந்துவிட்டோம் என்று அது நம்பிவிடும். அன்று அந்தப் பையன் எடுத்துக் கொடுத்ததை மாணவர்கள் இப்படி வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளைப் புள்ளி மெல்ல வீங்கி, கையுறையின் விரல் உள்ளிருந்து வெளியே புரள்வது போலக் கழுத்து நீண்டு, தலை வந்து அசைந்தது. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த வகுப்பு அமைதியாகிவிட்டது. பாதிப் பேர் முந்தின வாரம்தான் கிட்ஃபோ சாப்பிட்டிருந்தார்கள்.

தீர்ப்பு

ஒரு கொப்புளம் கிடைத்ததும் முழு மாட்டையும் கழிக்க வேண்டியதில்லை. அதற்காக அந்த இடத்தை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு முத்திரை குத்தவும் கூடாது. கண்டதும் உடலைத் தனியே ஒதுக்கி, வழக்கமாக வெட்டாத இடங்களையும் வெட்டிப் பாருங்கள்.

அமெரிக்க விதி இதில் தெளிவானது. இதயம், உதரவிதானம், தாடைத்தசை, உணவுக்குழாய், நாக்கு, உரிக்கும்போது வெளிப்படும் தசைகள் ஆகியவற்றில் இரண்டு இடங்களிலாவது இருந்து, அதோடு பின்தொடைகளிலும் முன்கால்களிலும் குறுக்கே வெட்டிப் பார்க்கும்போது அங்கும் இரண்டு இடங்களில் இருந்தால், அது பரவிய நோய். முழு உடலும் கழிவு. அதற்குக் குறைவு என்றால் கொப்புளம் உள்ள பகுதியை நீக்கி, மீதியைக் குளிரிலோ சூட்டிலோ பதப்படுத்தி விடலாம். ஐரோப்பிய ஒன்றியமும் கிட்டத்தட்ட இதே வழிதான். எண்ணிக்கைக் கோடு எங்கே என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செத்துச் சுண்ணாம்பு ஏறியதைக் கண்டால்? அதையும் உயிருள்ளது போலவே நடத்துங்கள். ஒரே மாட்டில் பல தடவை தொற்றியிருக்கும். இதயத்தில் செத்துக்கிடப்பதன் தம்பி தொடையில் உயிரோடு இருப்பான்.

குளிரும் சூடும்

முழு உடல் −9.4 டிகிரியில் அல்லது அதற்குக் கீழே தொடர்ந்து 10 நாள். எலும்பு நீக்கிப் பெட்டியில் அடைத்த கறி என்றால் 20 நாள், ஏனெனில் பெட்டியின் நடுவுக்குக் குளிர் போய்ச்சேர நாளாகும். இது அமெரிக்கக் கணக்கு. அழுத்தம் 'தொடர்ந்து' என்ற சொல்லில் இருக்கிறது. மின்தடையில் சூடு ஏறிவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். குளிர்பதன அறைக் கதவில் சாவியும் பதிவேடும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். குளிர் வசதியே இல்லாத கூடத்தில் சூடுதான் வழி: கறியின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தொட வேண்டும்.

வீட்டுச் சமையலுக்கு இவ்வளவு கவலைப்பட வேண்டாம். நம் குழம்பு கொதிக்கிறது, குக்கர் அதைவிடச் சூடு. பிரச்சினை நடுவில் சிவப்பாக விட்ட ஸ்டேக்கும், வெளியே கருகி உள்ளே பச்சையான கபாபும்தான். கொத்துக்கறி என்றால் 71 டிகிரி, முழுத்துண்டு என்றால் 63 டிகிரியும் மூன்று நிமிடம் ஓய்வும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. உப்புத்தடவிக் காயவைத்தாலே புழு செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். உப்பு உள்ளே எவ்வளவு இறங்கியது என்பதை வீட்டில் யாரும் அளப்பதில்லை.

எல்லாம் செய்தும் தவறுவது

கண்ணால் பார்த்துக் கத்தியால் வெட்டும் இந்த முறை, லேசாகத் தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவற்றைத் தவறவிடுகிறது. உண்மையான தொற்று, பரிசோதனையில் தெரிவதைவிட 3 முதல் 10 மடங்கு வரை இருக்கும் என்பது இந்தத் துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணிப்பு. அறுநூறு கிலோ மாட்டில் இரண்டே கொப்புளம் இருந்தால், நான்கைந்து வெட்டில் அதில் ஒன்று அகப்படுவது அதிர்ஷ்டம். நான் அன்று தவறவிட்டதற்கு இது சமாதானம் இல்லை. சப்பையை வெட்டியிருந்தால் அகப்பட்டிருக்கும்.

அதோடு, கூடத்துக்கே வராத மாடுகள். எத்தியோப்பியாவில் நீண்ட நோன்பு முடிந்து ஈஸ்டர் வரும்போது, அக்கம்பக்கத்தார் பணம் போட்டு ஒரு காளை வாங்கி, வீட்டுப் பின்புறத்தில் அறுத்துப் பங்கு பிரிப்பார்கள். 'கிர்ச்சா' என்பார்கள். நம் ஊரில் திருவிழாவுக்கு ஆடு அடித்துக் கூறு போடுவது போலத்தான். ஒரு கூறுக்கும் பரிசோதகன் கை படாது.

புழு வந்த வழியே திரும்பிப் போவது

ஒரே பண்ணையிலிருந்து வந்த மாடுகளில் அடுத்தடுத்துக் கொப்புளம் கண்டால் அங்கே வேலை செய்யும் யாரோ ஒருவர் குடலில் புழு இருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவின் கொழுக்கவைக்கும் பண்ணைகளில் வந்த பெருந்தொற்றுகள் சிலவற்றின் தடம் தீவனப் பக்கம் ஒதுங்கிய ஒரே தொழிலாளியிடம் போய் முடிந்திருக்கிறது. ஆளைக் குற்றவாளி ஆக்காதீர்கள், ஒளித்துவிடுவார். வைத்தியம் எளிது. மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் பிராசிகுவான்டல், ஒரே வேளை. தொழிலாளிகள் அனைவருக்கும் மலப் பரிசோதனை, தீவனக் குழியிலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் தள்ளி நடக்கிற தூரத்திலேயே ஒரு கழிப்பறை, கை கழுவத் தண்ணீர். தூரமாகக் கட்டிய கழிப்பறைக்கு யாரும் போவதில்லை. மேய்ச்சலுக்குக் கழிவுநீர் பாய்ச்சுகிறார்களா, மாடு மனித மலம் கிடக்கும் ரயில் பாதை ஓரம் மேய்கிறதா என்றும் கேளுங்கள்.

கழித்த மாட்டுக்கு விவசாயிக்கு ஈடு கிடைக்குமா என்பதையும் முன்பே தெரிந்து சொல்லுங்கள். கிடைக்காது என்றால் அடுத்த மாடு உங்களிடம் வராது, இருட்டில் எங்கோ அறுபடும்.

பதிவேட்டில் நான் எழுதச் சொல்வது: எண், வயது, வந்த ஊர், எந்தத் தசையில் எத்தனை, உயிரா சுண்ணாம்பா, தீர்ப்பு, குளிரறைக்குப் போன தேதி, வெளியே வந்த தேதி. அன்றைய சப்பைக்கும் அப்படியே எழுதினோம். வந்த ஊர் என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டோம். அந்த மாடு சந்தையில் மூன்று கை மாறியிருந்தது, காதில் குறியில்லை. விற்ற தரகர், தான் வாங்கியது ஒரு சிவப்பு மாடு என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.